நீரும் நத்தையும் நஞ்சும்
(திருவிழா அறிவரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மனிதர்க்கு ஊறு செய்யும் உயிர்கள் எவை என வினவினால் புலி, பாம்பு, தேள் எனப் பட்டியல் நீளும். சற்றே கற்றவர் கொசுவையும் சேர்த்துக்கொள்வர். குளத்துப் படிக்கட்டில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்ந்து கிடக்கும் சிறு நத்தையை அப்பட்டியலில் எவரும் சேர்க்கமாட்டார். அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, தொட்டால் கூட்டுக்குள் சுருங்கிவிடும். ஆயினும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் தென் அமெரிக்காவிலும் கோடிக்கணக்கான மக்களை வாட்டும் ஒரு நோய், அச்சிறு உயிரின் உடல் வழியாகவே மனிதரை வந்தடைகிறது. அந்நோயைத் தடுக்கும் பொருட்டு நத்தையைக் கொல்ல நீரில் நஞ்சு கலக்கும் முயற்சி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நடந்து வருகிறது. அம்முயற்சி எதைச் சாதித்தது, எதைக் கெடுத்தது, அதனினும் நல்ல வழி உண்டா என்பனவே இவ்வுரையின் பொருள்.

நோயின் இயல்பு

இந்நோய்க்கு மருத்துவ நூல்கள் இட்ட பெயர் சிஸ்டோசோமியாசிஸ். பில்ஹார்சியா என்றும் வழங்குவர். 1851-ஆம் ஆண்டு கெய்ரோ நகர மருத்துவமனையில் பணியாற்றிய தியோடர் பில்ஹார்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இறந்த ஒருவரின் இரத்தக் குழாய்களில் இதற்குக் காரணமான புழுவைக் கண்டறிந்தார். அப்பெயர் அவர் வழி வந்தது. நோயோ அவருக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் மூத்தது. 1910-ஆம் ஆண்டு மார்க் அர்மண்ட் ரஃபர் என்னும் அறிஞர், மூவாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட எகிப்தியப் பதப்பிணங்களின் சிறுநீரகங்களில் இப்புழுவின் முட்டைகள் கல்லாய் உறைந்திருக்கக் கண்டார். நைல் ஆற்றின் கரையில் உழவு தழைத்த நாள் முதலே இந்நோயும் உழவரோடு உடன் வாழ்ந்து வந்துள்ளது எனலாம்.

இப்புழுவின் வாழ்க்கைச் சுழல் வியப்புக்குரியது. நோயுற்றவரின் சிறுநீரோடு அல்லது மலத்தோடு வெளிப்படும் முட்டை, நன்னீரை அடைந்ததும் பொரிந்து நுண்மயிர் போர்த்த இளவுயிரியாக நீந்துகிறது. ஏறத்தாழ ஒரு நாளைக்குள் தனக்குரிய நத்தையை அது கண்டடைய வேண்டும், இல்லையேல் மடியும். நத்தையின் உடலுள் புகுந்தபின் அது பன்மடங்கு பெருகுகிறது. சில வாரங்கள் கழித்து, வால் கொண்ட நுண்புழுக்கள் ஆயிரக்கணக்கில் நத்தையிலிருந்து வெளியேறுகின்றன. அந்நீரில் கால் நனைப்பவர், துணி துவைப்பவர், நீந்தி விளையாடும் சிறுவர் ஆகியோரின் தோலைத் துளைத்து அவை சில நிமிடங்களில் உட்புகுந்துவிடும். பின்னர் இரத்தக் குழாய்களில் ஆணும் பெண்ணுமாய் இணைந்து, பல ஆண்டுகள் முட்டையிட்டுக்கொண்டே வாழும்.

உடலுக்குத் துன்பம் தருவது பெரும்பாலும் அம்முட்டைகளே. வெளியேறாமல் தங்கிவிடும் முட்டைகள் ஈரலையும் குடலையும் சிறுநீர்ப்பையையும் புண்ணாக்குகின்றன. சிறுவர் இரத்தச் சோகையால் வாடி வளர்ச்சி குன்றுகின்றனர், கல்வியில் பின்தங்குகின்றனர். முதிர்ந்த நிலையில் ஈரல் கெட்டு வயிறு வீங்குகிறது. சிறுநீர்ப்பையைத் தாக்கும் வகை, சிலர்க்குப் புற்றுநோயாகவும் முடிகிறது. 2021-ஆம் ஆண்டில் 25 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய்க்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டது என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேரேனும் ஆப்பிரிக்க மக்கள். குழாய் நீரும் கழிப்பறையும் இல்லாத சிற்றூர்களே இதன் உறைவிடம்.

நத்தையைக் கண்டறிந்த வரலாறு

இந்நோயை அடியோடு ஒழித்த நாடு ஜப்பான். அந்நாட்டின் யமனாஷி மாநிலத்துக் கோஃபு சமவெளியில், நெல்வயலில் இறங்கி உழைத்த உழவர்கள் வயிறு வீங்கி மாண்டனர். காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. 1897-ஆம் ஆண்டு அந்நோயால் இறக்கும் தறுவாயில் இருந்த சுகியாமா நாகா என்னும் உழவர் குலப் பெண்மணி, தம் உடலை அறுத்துப் பார்த்து நோயின் காரணத்தைக் கண்டறியுமாறு மருத்துவர்களிடம் வேண்டிக்கொண்டார். இறந்தவர் உடலில் கத்தி படுவதை மக்கள் அஞ்சி வெறுத்த காலம் அது. அவ்வாறே செய்யப்பட்ட ஆய்வில் அவரது ஈரலில் இனம் தெரியாத முட்டைகள் காணப்பட்டன. தாம் பிழைக்கமாட்டோம் என்று அறிந்தும், பின்வருவோர் பிழைக்கட்டும் எனத் தம் உடலையே கொடையாக்கிய அவ்வெளிய பெண்மணியை யமனாஷி மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர்.

1904-இல் கட்சுராதா என்னும் அறிஞர் அப்புழுவைக் கண்டுபிடித்தார். 1913-இல் மியாயிரி, சுசுகி என்னும் இருவர், வாய்க்கால் ஓரத்தில் வாழும் ஓர் அரிசிமணி நீள நத்தையே அப்புழுவை வளர்த்து அனுப்பும் இடைத்தங்கல் என்று நிறுவினர். இரண்டு ஆண்டுகள் கழித்து எகிப்தில் லெய்ப்பர் என்னும் பிரித்தானியர், ஆங்குள்ள நோய்க்கும் நத்தைகளே காரணம் என மெய்ப்பித்தார். அன்று முதல் 'நத்தை ஒழிந்தால் நோய் ஒழியும்' என்பது மருத்துவ உலகின் மந்திரமாயிற்று. நோயைத் தீர்க்க நல்ல மருந்து அக்காலத்தில் இல்லாமையால், அம்மந்திரம் மேலும் வலுப்பெற்றது.

நஞ்சு வந்த வழி

நத்தையை எப்படி ஒழிப்பது? கோஃபு மக்கள் முதலில் குச்சிகளால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினர். பிறகு சுண்ணாம்பைத் தூவினர். கரைகளைத் தீயிட்டுக் கொளுத்தினர். எகிப்திலும் சூடானிலும் பாசனக் கால்வாய்களில் மயில்துத்தம் கரைக்கப்பட்டது. திராட்சைக்கும் உருளைக்கிழங்குக்கும் வரும் பூஞ்சண நோயை நீக்கச் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கும் அதே துத்தம்தான். வயலுக்கென வாங்கிய பொருள் நத்தைக்கும் பயன்படுமே என்ற எண்ணம் அன்றே தோன்றிவிட்டது. விலை மலிவு, கிடைப்பது எளிது, நத்தையும் சாகிறது. ஆனால் கால்வாய்ச் சேறும் காரத்தன்மை மிகுந்த நீரும் துத்தத்தின் வீரியத்தை விரைவில் உறிஞ்சிவிட்டன. ஆகவே மீண்டும் மீண்டும் இடவேண்டியதாயிற்று. செம்பு ஓர் உலோகம். அது சிதைந்து மறைவதில்லை. இட்டதெல்லாம் சேற்றில் படிந்து தங்கியது. நத்தையோடு மீனும் பாசியும் மாண்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோடியம் பென்டாகுளோரோபீனேட் என்னும் ரசாயனம் வந்தது. மரம் உளுத்துப்போகாமல் காக்கவும் களைகளை அழிக்கவும் பயன்பட்ட பொருள் இது. ஜப்பானும் சீனமும் இதனை நத்தை ஒழிப்பில் பேரளவில் கையாண்டன. நத்தை ஒழிந்தது உண்மை. ஆனால் இக்குடும்பத்து ரசாயனம் நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. களைக்கொல்லியாக ஜப்பானிய வயல்களில் இடப்பட்ட இதே இன மருந்து, 1962-ஆம் ஆண்டின் பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டு, அரியாகே கடலிலும் பிவா ஏரியிலும் மீன்களையும் சிப்பிகளையும் பெருந்தொகையாகக் கொன்றது. மீனவர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. சீனத்தில் இம்மருந்து தெளித்த ஏரிப் படுகைகளில், இதனோடு கலந்திருந்த டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் சேற்றில் தங்கிவிட்டமை பின்னாளில் அறியப்பட்டது. நோயை நீக்க வந்த மருந்து, தன் பங்குக்கு ஒரு கேட்டை மண்ணில் விதைத்துச் சென்றது.

1960-களில் நிக்லோசமைடு நடைமுறைக்கு வந்தது. மனிதர் குடலில் வாழும் நாடாப்புழுவை நீக்க மருத்துவர்கள் தரும் மருந்தும் இதுவே. ஆதலின் மனிதர்க்கும் கால்நடைக்கும் இதனால் தீங்கு குறைவு. பயிருக்கும் பெரிதும் கேடில்லை. வெயிலில் சிதைந்து மறையும் இயல்பும் இதற்கு உண்டு. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிகிராம் அளவே நத்தையைக் கொல்லப் போதுமானது. நத்தை ஒழிப்புக்கென உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் ரசாயனம் இது ஒன்றே. எனினும் அவ்வளவிலேயே மீனும் தவளைக் குஞ்சும் மடிகின்றன. மீன் பிடித்து வாழும் ஊரார் தம் ஏரியில் இதனைக் கலக்க எளிதில் இசைவதில்லை. அவர்கள் தயக்கம் நியாயமானதே.

நத்தையின் மீட்சி

நஞ்சுக்கு எதிராக நத்தைக்கு இயற்கை பல காப்புகளைத் தந்துள்ளது. ஆப்பிரிக்காவில் இந்நோயைப் பரப்பும் நத்தைகளில் ஆண் தன்மையும் பெண் தன்மையும் ஓருடலில் அமைந்துள்ளன. தப்பிப் பிழைத்த ஒரே நத்தை, துணையின்றியே முட்டையிட்டுத் தன் குலத்தை மீண்டும் பெருக்க வல்லது. குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உறங்கும். மழை வந்ததும் எழும். முட்டைகள் பசை போன்ற உறைக்குள் இருப்பதால் நஞ்சு எளிதில் உட்புகுவதில்லை. ஆகவே ஒருமுறை மருந்திட்டு ஊர் திரும்பியவர், சில திங்கள் கழித்து வந்து பார்த்தால், பழைய நிலையே காணப்படும். நத்தையை உண்ணும் மீன், நீர்ப்பூச்சி, நண்டு போன்றவை அத்துணை விரைவில் மீள்வதில்லை. இவ்வேறுபாட்டில்தான் இப்பொருளின் மையம் அமைந்துள்ளது.

வயலுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி வாய்க்காலுக்கு வந்தால் நத்தையும் அதனோடு ஒழியுமன்றோ எனப் பலரும் எண்ணுவது இயல்பு. ஆய்வுகள் இதற்கு மாறான செய்தியைத் தருகின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், குளத்தை ஒத்த பல தொட்டிகளை அமைத்து, நத்தையும் அதை உண்ணும் உயிர்களும் வாழவிட்டு, வயலில் பயன்படும் ரசாயனங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டுப் பார்த்தனர். குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி, நத்தையை விட்டுவிட்டு, அதைத் தின்னும் நன்னீர் நண்டினத்தையும் நீர்ப்பூச்சிகளையும் கொன்றது. அட்ரசின் என்னும் களைக்கொல்லியும் உரமும், நத்தைக்கு உணவாகும் படிபாசியைப் பெருக்கின. பகையும் ஒழிந்து உணவும் பெருகினால் எவ்வுயிர்தான் பெருகாது? நத்தை பெருகியது; அதனோடு நோய்ப்புழுவும் பெருகும் நிலை உண்டாயிற்று.

2020-இல் மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரியைச் சூழ்ந்த நீர்நிலைகளில் நடந்த ஆய்வும் இதனையே உறுதி செய்தது. பூச்சிக்கொல்லி எச்சம் மிகுந்த நீர்நிலைகளில் நோய் பரப்பும் நத்தைகள் செழித்திருந்தன. அந்நத்தைகள் அந்நச்சுகளைத் தாங்கும் வலிமை மிக்கவை. அவற்றோடு உணவுக்குப் போட்டியிடும் பூச்சியினங்களோ அவ்வலிமை அற்றவை. கடையில் வாங்கிய பயிர்மருந்தை நத்தை ஒழிப்புக்கென நீரில் கொட்டுபவர், தம் வீட்டுக் காவல் நாயைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவைப்பவரை ஒப்பர். வயலில் தேவைக்கு மிஞ்சித் தெளிப்பவரும், தாம் அறியாமலே அதைத்தான் செய்கின்றனர்.

மருந்தும் அதன் எல்லையும்

நத்தையை விடுத்து நோயாளியையே கவனித்தால் என்ன என்னும் கேள்வியும் எழும். இதிலும் வரலாறு ஒரு கசப்பான பாடத்தை வைத்திருக்கிறது. எகிப்தில் 1950-களில் தொடங்கி 1980-களின் தொடக்கம் வரை, ஊர் ஊராக மக்களை வரிசையில் நிறுத்தி ஆன்டிமனி கலந்த ஊசி போடப்பட்டது. நல்ல எண்ணத்தோடு நடந்த பெரும்பணி அது. ஆனால் ஊசிகள் சரிவரக் கொதிக்க வைக்கப்படாமல் ஒருவர் பின் ஒருவர்க்குப் பயன்பட்டன. அக்காலத்தில் இனம் காணப்படாத ஈரல் அழற்சிக் கிருமி ஒன்று, அவ்வூசிகளின் வழியே இலட்சக்கணக்கானோர் உடலில் பரவியது. பின்னாளில் ஹெபடைடிஸ் சி எனப் பெயர் பெற்ற அந்நோய் உலகிலேயே மிகுந்து காணப்பட்ட நாடுகளுள் எகிப்தும் ஒன்றாயிற்று.

பின்னர் பிரசிகுவான்டல் என்னும் மாத்திரை வந்தது. விலை குறைவு, பாதுகாப்பானது, வாய் வழியே உண்ணலாம். இன்று பள்ளிச் சிறார்க்கு இதுவே பரவலாக வழங்கப்படுகிறது. இதன் அருமையை எவரும் மறுக்க இயலாது. ஆனால் இம்மாத்திரை உடலில் உள்ள புழுவை நீக்குமே தவிர, மறுநாள் அதே வாய்க்காலில் இறங்கும் சிறுவனை மீண்டும் நோய் தொற்றாமல் காக்காது. கடந்த நூற்றாண்டில் பல நாடுகளில் நடந்த முயற்சிகளை ஒருசேர ஆராய்ந்தவர்கள், மருந்தை மட்டும் நம்பிய நாடுகளைக் காட்டிலும் நத்தையின் மீதும் கவனம் வைத்த நாடுகளே மிகுந்த வெற்றி கண்டன என முடிவு கூறியுள்ளனர். ஆதலின் நத்தையை மறந்துவிடவும் இயலாது. நஞ்சை மட்டும் நம்பவும் இயலாது. நடுவே ஒரு வழி வேண்டும்.

கரிபியக் கடலிலுள்ள செயின்ட் லூசியா என்னும் சிறு தீவில் 1965 முதல் 1981 வரை இக்கேள்விக்கு விடை தேடப்பட்டது. ஒரு பள்ளத்தாக்கில் நத்தைக்கு மருந்திடப்பட்டது. மற்றொன்றில் மக்களுக்கு மருந்து தரப்பட்டது. வேறொன்றில் வீடுதோறும் குழாய் நீர் வழங்கப்பட்டு, துணி துவைக்கவும் குளிக்கவும் தனி இடங்கள் அமைக்கப்பட்டன. மூன்று முறைகளும் பயன் தந்தன. விரைவிலும் சிக்கனத்திலும் மருந்து முந்தியது. ஆனால் குழாய் நீர் பெற்ற ஊரில், எந்த உயிரையும் கொல்லாமலே நோய் குறைந்தது. ஆற்றுக்கு இறங்க வேண்டிய தேவை நீங்கியதே அதற்குக் காரணம்.

இயற்கையின் துணை

செனகல் நாட்டு வரலாறு இதற்கு மேலும் தெளிவு தரும். செனகல் ஆற்றின் முகத்துவாரத்தருகே 1986-இல் டியாமா அணை கட்டி முடிக்கப்பட்டது. கடல் நீர் ஆற்றுக்குள் ஏறுவதைத் தடுத்து வேளாண்மையை வளர்ப்பது அதன் நோக்கம். கரும்பும் நெல்லும் பெருகின. ஆனால் இரண்டே ஆண்டுகளில், அதற்கு முன் அப்பகுதியில் அறியப்படாத குடல் வகை நோய் ரிச்சர்ட் டோல் என்னும் ஊரில் தலைகாட்டி விரைந்து பரவியது. உப்பு நீங்கிய நீர் நத்தைக்கு உகந்ததாயிற்று. அதுவன்றி, அவ்வாற்றில் வாழ்ந்த பெரிய நன்னீர் இறால் நத்தையை விரும்பி உண்ணும். அதன் குஞ்சுகள் உவர்நீரில்தான் வளரும். அணை குறுக்கே நின்றதால் இறாலின் போக்குவரவு அறுபட்டது, இறால் குறைந்தது, நத்தைக்குப் பகை ஒழிந்தது.

இதனை உணர்ந்த ஆய்வாளர், லம்ப்சார் என்னும் சிற்றூரின் துறையில் வலையடைப்பு அமைத்து இறாலை மீண்டும் விட்டனர். நோய்ப்புழு தாங்கிய நத்தைகளும், ஊராரின் மறுதொற்றும் கணிசமாகக் குறைந்தமை 2015-இல் வெளியிடப்பட்டது. அதன் பின்னர் அதே நாட்டில் மற்றொரு முயற்சி நடந்தது. வயலிலிருந்து வழிந்த உரம் உண்டு, நீருக்குள் அடர்ந்து வளர்ந்த பூண்டுகளே நத்தையின் குடியிருப்பு என்று கண்டு, அவற்றை வாரி எடுத்தனர். நத்தை குறைந்தது, சிறுவரின் தொற்றும் குறைந்தது. வாரிய பூண்டு குப்பையில் வீணாகவில்லை. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் எருவாகவும், ஆடுமாடுகளுக்குத் தீவனமாகவும் பயன்பட்டது. வயலிலிருந்து ஓடிய சத்து மீண்டும் வயலுக்கே திரும்பியது. 2023-இல் வெளியான இவ்வாய்வு, ஏழை ஊரார் தம் கையாலேயே செய்துகொள்ளத்தக்க ஒரு வழியைக் காட்டியது.

எத்தியோப்பியாவின் அக்லிலு லெம்மா கண்டதும் இங்கே குறிக்கத்தக்கது. 1964-இல் அட்வா என்னும் ஊரில், ஓடையில் பெண்கள் துணி துவைத்த இடத்துக்குக் கீழே மட்டும் நத்தைகள் செத்துக் கிடப்பதை அவர் கண்டார். அப்பெண்கள் நம் நாட்டுப் பூவந்திக்கொட்டையைப் போல் நுரைக்கும் எண்டோட் என்னும் காயைச் சவர்க்காரமாகப் பயன்படுத்தி வந்தனர். அக்காயே நத்தைக்கு நஞ்சு என அவர் நிறுவினார். வெளிநாட்டு ரசாயனத்தை விலைகொடுத்து வாங்க இயலாத மக்களுக்கு, அவர்தம் வேலியிலேயே மருந்து இருப்பதைக் காட்டிய அப்பணிக்காக 1989-இல் அவருக்கும் அவருடைய துணை ஆய்வாளருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. செடியில் விளைந்ததாயினும் அதுவும் மீனுக்கு நஞ்சே என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். இயற்கையில் கிடைத்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் மனிதரைத் தாக்கும் இந்நோய் பரவலாக இல்லை. 1952-இல் மராட்டிய மண்ணின் இரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி என்னும் சிற்றூரில் மட்டும் இது கண்டறியப்பட்டது. ஆயினும் கால்நடைகளைத் தாக்கும் உறவுப் புழுக்கள் நம்மிடையே உண்டு. மாட்டின் மூக்கில் வளர்ந்து, மூச்சு விடும்போது குறட்டை போல ஒலி எழச் செய்யும் நோய்க்கு இவ்வினப் புழுவே காரணம் என்பது 1930-களில் சென்னை மாகாணத்தில்தான் விளக்கப்பட்டது. அதற்கும் குளத்து நத்தையே இடைத்தங்கல். நத்தை மிகுந்த குட்டையில் மாட்டை இறக்காமல் தொட்டியில் நீர் காட்டுவதும், குளத்தில் வாத்து மேய விடுவதும் உழவர் பலர் கைக்கொள்ளும் முறைகள்.

நீர்வழி வரும் மற்றொரு புழுவை இந்நாடு வென்ற வரலாறு, இவ்வவைக்குச் சிறப்பாக உரியது. நரம்புச் சிலந்தி எனப்படும் கினியாப் புழு, இராசத்தானத்துப் படிக்கிணறுகளில் வாழும் சிற்றுயிர் வழியே பரவியது. படியிறங்கி நீர் மொண்டவரின் காற்புண்ணிலிருந்து புழுக்குஞ்சு நீரில் கலக்கும். அந்நீரைக் குடித்தவர் நோயுறுவர். அதனை நீக்க டெமிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியும் அளவோடு கையாளப்பட்டது. ஆனால் நிலைத்த வெற்றி தந்தவை வேறு: படிக்கிணறுகள் இறைகிணறுகளாக மாற்றப்பட்டன, கைக்குழாய்கள் அமைந்தன, நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கும் வழக்கம் வீடுதோறும் பரப்பப்பட்டது. 1996-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சிற்றுயிர்க்கு ஊறு நேராதிருக்க நீரை வடித்து அருந்தும் நெறியைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் குடும்பங்களுக்கு, அத்துணியின் அருமையை விளக்கவேண்டுவதில்லை. நத்தை பரப்பும் புழுவோ தோல்வழி நுழைவது. அதற்குத் துணி காப்பாகாது. நோய்க்கு நோய் வழி வேறு. வழியை அறிந்து அடைப்பதே அறிவு.

அறத்தின் கேள்வி

இனி, இவ்வவையில் எழாதிருக்க இயலாத கேள்விக்கு வருவோம். ஒரு குழந்தையின் ஈரலைக் காக்க ஓராயிரம் நத்தைகளைக் கொல்லலாமா? நத்தைக்கு எவர் மீதும் பகை இல்லை. புழு தன்னுள் புகுந்ததால் அதுவும் ஒரு வகையில் நோயாளியே. புழு தாங்கிய நத்தை முட்டையிடும் திறனை இழக்கிறது, விரைவில் மடிகிறது. மறுபுறம், நத்தையைத் தொடமாட்டோம் என்று கூறி ஒதுங்கிநிற்பவர், நோயுறும் குழந்தையின் துன்பத்துக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. செய்வதாலும் துன்பம், செய்யாமையாலும் துன்பம் என்னும் இடத்தில், எல்லா உயிர்க்கும் சேர்த்துக் கணக்கிட்டால் எவ்வழியில் துன்பம் மிகக் குறைவோ அவ்வழியைத் தேடுவதே அறமாகும்.

அவ்வாறு தேடினால் வரிசை தெளிவாகிறது. முதலாவது, கழிப்பறை. மனிதக் கழிவு நீரில் கலவாவிடின் நத்தை எத்தனை இருப்பினும் நோய் பெரிதும் குறையும். நத்தையும் தன் வழியே வாழும். இரண்டாவது, வீட்டுக்கு அருகே நல்ல நீர். மூன்றாவது, நோயுற்றவர்க்குத் தவறாத மருந்து. நான்காவது, நீர்நிலையைத் தூய்மை செய்தலும், இறால் போன்ற இயற்கைக் காவலரைப் பேணலும், வயல் ரசாயனத்தை நீரில் விடாமையும். இவை அனைத்தும் செய்தும் நோய் தொடரும் துறையில் மட்டும், பயிற்சி பெற்றவர் கையால், அளந்து, ஊரார் இசைவோடு இடப்படும் நஞ்சு கடைசியில் வரலாம். முதலில் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் கடைசிப் படியில் தொடங்குவது எளிது. அதனாலேயே உலகம் பலமுறை அங்கிருந்தே தொடங்கியது.

ஜப்பான் இறுதியில் வென்றதும் நஞ்சால் மட்டும் அன்று. யமனாஷியில் 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வாய்க்கால்கள் சிமென்ட் பூசப்பெற்றன. நத்தை ஒட்டி வாழச் சேற்றுக்கரை இல்லாமற்போயிற்று. நெல்வயல்கள் பழத்தோட்டங்களாக மாறின. 1996-இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. வென்றபின் அம்மக்கள் செய்த ஒரு செயல் சிந்தனைக்குரியது. சிக்குகோ ஆற்றங்கரைப் பகுதியில், அழிக்கப்பட்ட அந்நத்தையினத்துக்காக ஒரு நினைவுக்கல் நாட்டினர். மனித சமூகத்தைக் காக்கும் பொருட்டு மனிதர் கையால் அற்றுப்போன உயிர் என்பதை மறவாதிருக்கவே அக்கல். கொன்றது தேவையால் நேர்ந்தது என்றாலும், அதனைக் கொண்டாட்டமாக்காமல் கடனாக ஏற்ற மனம் அது.

இவ்வவையில் வணிகர் உளர். நிலம் உடையோர் உளர். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தும் அறக்கட்டளையினரும் உளர். பயிர்மருந்தை விற்பவர், அளவைச் சொல்லி விற்கலாம். மிஞ்சிய மருந்தையும் காலிக் குப்பியையும் வாய்க்காலில் எறியாதிருக்கச் சொல்லலாம். நிலம் உடையவர், வயலுக்கும் ஏரிக்கும் இடையே ஒரு புல்வரப்பை விட்டுவைக்கலாம். அறப்பணிக்குக் கொடுப்பவர், ஓர் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறையும் குழாயும் அமைத்துத் தரலாம். நஞ்சு வாங்கும் செலவைவிட அச்செலவு முதலில் பெரிதாகத் தோன்றும். ஆனால் நஞ்சை ஆண்டுதோறும் வாங்கவேண்டும். குழாயை ஒருமுறை போட்டுப் பேணினால் போதும். ஒரு குழந்தை நோயின்றி வளரவும், ஒரு குளத்தின் உயிர்கள் தம் போக்கில் வாழவும் ஒரே கொடை உதவுமாயின், அதனினும் சிறந்த கொடை வேறொன்று இருத்தல் அரிது.

அறம் வளர்க.